இடது சக்கரம், வலது சக்கரம்: தென்கொரியாவில் வர்க்கம் இடம் மாறிய விதம்

2025 ஆகஸ்டில் தென்கொரிய நாடாளுமன்றம் 'மஞ்சள் உறைச் சட்டம்' என்று அழைக்கப்படும் ஒரு தொழிலாளர் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. கார், கப்பல் நிறுவனங்கள் கடைசி நாள் வரை எதிர்த்தன. அதற்கு முன் இரண்டு முறை நாடாளுமன்றம் நிறைவேற்றியும் அன்றைய அதிபர் யூன் தடுத்து நிறுத்தியிருந்தார். இத்தனைக்கும் அந்தச் சட்டம் யாருக்கும் ஒரு ரூபாய் சம்பளம் கூட்டவில்லை. அதன் மையமான வேலை, 'முதலாளி' என்ற சொல்லுக்கு இருந்த விளக்கத்தை விரிவாக்கியதுதான். ஒரு சொல்லுக்காகவா இவ்வளவு சண்டை?

அந்த நாட்டிலிருந்து வரும் வேறு சில செய்திகளும் இதே போலக் குழப்புபவை. 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை என்ற அளவுக்குப் பிறப்பு விகிதம் விழுந்தது. உலகத்துக்கே கைபேசி விற்கும் நாட்டில் 66 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் நான்கு பேர் வறுமையில் இருக்கிறார்கள். இளைஞர்கள் தங்களைத் தங்கக் கரண்டி (வசதியான வீட்டில் பிறந்தவர்), மண் கரண்டி (இல்லாத வீட்டில் பிறந்தவர்) என்று பிரித்துப் பேசுகிறார்கள்.

இவையெல்லாம் ஒரே நூலில் கோத்தவை. ஒருவர் சமூகத்தில் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைத் தீர்மானிக்கும் பொருள், கொரியாவில் சுமார் நூறு ஆண்டுகளுக்குள் பலமுறை மாறிவிட்டது. பிறப்பு, நிலம், ஆலை வேலை, இப்போது ஒப்பந்தமும் வீடும். அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

முதலில் மூன்று சொற்கள்

1. வர்க்கம்: வருமானம் எவ்வளவு என்பது மட்டும் வர்க்கம் ஆகாது. வருமானம் எதிலிருந்து வருகிறது, அது நாளைக்கும் வருமா, பிள்ளைக்குக் கைமாற்றிக் கொடுக்க முடியுமா என்ற மூன்றும் சேர்ந்ததே வர்க்கம். ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு பேர் வெவ்வேறு வர்க்கமாக இருக்கலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2. கட்டமைப்பு நகர்வு: பொருளாதாரமே மாறி, நல்ல வேலைகள் புதிதாக உருவாகும்போது கீழே இருப்பவர்கள் மொத்தமாக மேலே வருவது. பண்டிகைக் காலத்தில் ரயிலில் கூடுதல் பெட்டிகள் சேர்ப்பதைப் போல. யாரையும் எழுப்பாமலே நின்றவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கிறது.

3. இடமாற்ற நகர்வு: புதிய பெட்டிகள் வராத காலத்தில் நடப்பது. ஒருவர் உட்கார வேண்டுமானால் இன்னொருவர் எழுந்தாக வேண்டும்.

தொழில்மயமாகும் நாடுகள் எல்லாம் இரண்டாவதில் வேகமாக ஓடி, பிறகு மூன்றாவதில் வந்து நிற்கின்றன. பிரிட்டன் இதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. கொரியா ஒரே தலைமுறையில் முடித்துவிட்டதால், மாற்றத்தின் ஒவ்வொரு படியையும் அங்கே தனித்தனியாகப் பார்க்க முடிகிறது.

பிறப்பு தீர்மானித்த காலம்

1392 முதல் 1910 வரை ஆண்ட ஜோசோன் அரசில் நான்கு அடுக்குகள் இருந்தன. மேலே யாங்பான் எனப்பட்ட, படித்து அரசுத் தேர்வு எழுதிப் பதவிக்குப் போகும் நிலவுடைமைக் குடும்பங்கள். அடுத்து மொழிபெயர்ப்பாளர், மருத்துவர் போன்றவர்கள். அதற்குக் கீழே உழவர்களும் கைவினைஞர்களும். அடியில் நோபி என்ற அடிமைகளும், மாடு அறுப்பதால் தீட்டுக்குரியவர்களாக ஒதுக்கப்பட்ட பெக்ஜோங் மக்களும்.

1894ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் இந்த அடுக்குகளைச் சட்டத்தில் ஒழித்தது. ஊருக்குள் ஒழியவில்லை. 1923இல் ஜின்ஜு நகரத்தில் பெக்ஜோங் மக்கள் சமத்துவம் கேட்டு ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரில் இருந்தது 'தராசு' என்ற சொல். கறிக்கடைத் தராசைவிடச் சமத்துவத்துக்குப் பொருத்தமான சின்னம் வேறு என்ன இருக்கிறது!

இன்று பழைய அடுக்கைச் சொல்லி யாரும் யாரையும் அடையாளம் காண முடியாது. ஒரு காரணம் வேடிக்கையானது. வசதி வந்தவர்கள் யாங்பான் குலங்களின் வம்சாவளி ஏடுகளில் காசு கொடுத்துத் தங்கள் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். குடும்பப்பெயரே இல்லாதிருந்தவர்கள் பிரபலமான பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். கிம், லீ, பார்க் என்ற மூன்று பெயர்களுக்குள் மட்டும் இன்றைய மக்களில் சுமார் 45 சதவீதம் பேர் அடக்கம். எல்லாரும் மேல்குடி ஆகிவிட்டால் மேல்குடி என்ற சொல்லுக்கு வேலை இல்லை.

நிலம் கைமாறிய ஐந்து ஆண்டுகள்

கொரியாவின் வளர்ச்சியைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் 1961இல் ராணுவப் புரட்சி மூலம் ஆட்சிக்கு வந்த பார்க் சுங்-ஹீயிலிருந்து தொடங்குவார்கள். அவர் இரும்புக்கை, ஐந்தாண்டுத் திட்டம், ஏற்றுமதி என்று கதை போகும். என் கணக்கில் அது பாதிக் கதைதான். முதல் பாதி அவருக்குப் பத்து ஆண்டுகள் முன்பே நடந்து முடிந்துவிட்டது.

1945இல் ஜப்பானியர் வெளியேறியபோது சாகுபடி நிலத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு குத்தகையில் இருந்தது. விளைச்சலில் பாதி நிலக்காரருக்குப் போகும். 1946 மார்ச்சில் வடகொரியா நிலத்தைப் பறித்து உழவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. தெற்கில் இருந்த அமெரிக்கர்களுக்கும் சியோல் அரசியல்வாதிகளுக்கும் இது வயிற்றில் புளியைக் கரைத்தது. தாங்களும் ஏதாவது செய்யாவிட்டால் உழவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஜப்பானியர் விட்டுப்போன நிலங்களை 1948இல் அமெரிக்க ராணுவ நிர்வாகம் குத்தகைதாரர்களுக்கே விற்றது. 1949இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது, 1950இல் நடைமுறைக்கு வந்தது. அதன் விவரம்:

1. ஒரு குடும்பம் மூன்று ஜோங்போ, அதாவது சுமார் ஏழரை ஏக்கர் வரைதான் வைத்துக்கொள்ளலாம்.

2. மிச்ச நிலத்தைப் பெறும் உழவர், ஓராண்டு விளைச்சலில் 150 சதவீதத்தை விலையாகக் கொடுக்க வேண்டும். அதுவும் ஆண்டுக்கு 30 சதவீதமாக ஐந்து ஆண்டுகளில்.

3. நிலக்காரருக்குப் பணமாகத் தரப்படாது, அரசுப் பத்திரமாகத் தரப்படும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். காலமெல்லாம் விளைச்சலில் பாதியைக் குத்தகையாக அளந்தவர், ஐந்து ஆண்டுகளுக்கு அதைவிடக் குறைவாக அளந்தால் நிலம் அவருக்குச் சொந்தம். நிலக்காரருக்கோ 1950 ஜூனில் வெடித்த போரின் விலைவாசி உயர்வில் பத்திரம் வெறும் காகிதமாகியது. கையில் இருந்த பத்திரங்களைப் பலர் கிடைத்த விலைக்கு விற்றுத் தீர்த்தார்கள். பல நூற்றாண்டு வயதான ஒரு வர்க்கம் ஐந்தாறு ஆண்டுகளில் கரைந்து போனது.

தொழில்மயத்துக்கு இதனால் என்ன? இரண்டு விஷயம். ஆலைகள் வரும்போது அவற்றைத் தடுக்கவோ பங்கு கேட்கவோ பலமுள்ள நிலக்கிழார்கள் யாரும் மிச்சமில்லை. அப்புறம், ஏழரை ஏக்கருக்குள் வாழும் லட்சக்கணக்கான சிறு உழவர்கள் கையில் முதன்முறையாகக் கொஞ்சம் மிச்சம் நின்றது. அந்த மிச்சம் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்குப் போனது. மாட்டை விற்றுப் பையனைக் கல்லூரியில் சேர்ப்பது அந்தக் காலத்தில் எவ்வளவு சகஜம் என்றால், பல்கலைக்கழகங்களை 'மாட்டெலும்புக் கோபுரம்' என்று கேலி பேசினார்கள்.

ஓடத் தொடங்கும் முன்பே எல்லாரும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிறுத்தப்பட்டிருந்தார்கள். நிலத்தைத் தொடாமல் ஆலையை மட்டும் நகலெடுக்கப் பார்த்த நாடுகளுக்குக் கொரியாவின் விளைவு வராததற்கு இது பெரிய காரணம்.

ஆலை: பெட்டிகள் சேர்ந்துகொண்டே இருந்த காலம்

1963இல் வேலை செய்பவர்களில் 63 சதவீதம் பேர் விவசாயம், மீன்பிடியில் இருந்தார்கள். 1990இல் அது சுமார் 18 சதவீதம். இன்று ஐந்து சதவீதத்தை ஒட்டி. 1960இல் சுமார் 24 லட்சம் பேர் வாழ்ந்த சியோல், 1980களின் இறுதியில் ஒரு கோடியைத் தொட்டது. கட்டமைப்பு நகர்வு என்று மேலே சொன்னது இதைத்தான்.

ஆனால் முதல் பெட்டிகளில் ஏறியவர்களுக்கு இருக்கை இல்லை. சியோல் அமைதிச் சந்தையின் தையல் கூடங்களில் பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமிகள் நிமிர்ந்து நிற்க முடியாத தாழ்ந்த கூரைக்குக் கீழே ஒரு நாளைக்குப் பதினான்கு மணிநேரம் வேலை செய்தார்கள். அங்கே துணி வெட்டும் தொழிலாளியாக இருந்தவர் ஜோன் தே-இல். தன் பேருந்துக் காசில் அந்தச் சிறுமிகளுக்குத் தின்பண்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே போவார். தொழிலாளர் தரச் சட்டம் என்று ஒன்று 1953 முதல் இருப்பதைத் தற்செயலாக அறிந்து, சீன எழுத்துகள் நிறைந்த அந்தப் புத்தகத்தை இரவில் எழுத்துக்கூட்டிப் படித்தார். மனுக்கள் எதுவும் பலிக்கவில்லை. 1970 நவம்பர் 13 அன்று அந்தச் சட்டப் புத்தகத்தோடு தீக்குளித்தார். வயது 22. "நாங்கள் இயந்திரங்கள் இல்லை" என்பது அவர் எழுப்பிய முழக்கம்.

அடுத்த பெரிய திருப்பம் 1987. ஜூனில் மக்கள் போராட்டம் ராணுவ ஆட்சியைப் பணியவைத்தது. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை ஆலைகளில் போராட்டங்கள் வெடித்தன. 1986இல் 276 ஆக இருந்த தொழில் தகராறுகள் 1987இல் 3,749 ஆயின. உல்சானில் ஹுண்டாய் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, தலைமுடியைத் தங்கள் விருப்பப்படி வளர்க்க உரிமை வேண்டும் என்பது! ஆலை வாசலில் காவலாளி முடி நீளத்தைச் சோதிக்கும் காலம் அது. வர்க்கம் என்பது சம்பளப் பட்டியலோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சம்பளம் ஏறியது. நீலச்சட்டைத் தொழிலாளி சொந்த வீடும் காரும் வாங்கி, பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் நிலை உல்சான் போன்ற ஊர்களில் வந்தது.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு விவரம் இருக்கிறது. 1980இல் ராணுவ அரசு சட்டத்தைத் திருத்தி, தொழிற்சங்கங்கள் கம்பெனி வாரியாக மட்டுமே இருக்கலாம் என்று வைத்திருந்தது. அதனால் 1987இல் வென்ற உரிமைகள் அந்தந்த ஆலையின் கேட்டுக்குள்ளேயே தங்கின. பெரிய கம்பெனிக்காரர் பெற்றது, அதே கம்பெனிக்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைக்காரருக்குப் போகவில்லை. கேட்டுக்கு உள்ளே, வெளியே என்ற கோடு அப்போதே விழுந்துவிட்டது. பத்து ஆண்டு கழித்து அது சுவராக எழுந்தது.

1997: ரயில் நின்ற இடம்

1997 நவம்பரில் கையிருப்பு டாலர் ஏறக்குறையத் தீர்ந்து, கொரியா பன்னாட்டு நாணய நிதியத்திடம் போனது. மக்கள் வரிசையில் நின்று கல்யாண மோதிரத்தையும் குழந்தையின் முதல் பிறந்தநாள் மோதிரத்தையும் நாட்டுக்கடன் அடைக்கக் கொடுத்தார்கள். சுமார் 227 டன் தங்கம் சேர்ந்தது. உலகம் வியந்தது. அந்த வியப்பில் வேறொன்று கவனத்தில் படாமல் போனது: 1998இல் ஆட்குறைப்பைச் சட்டப்படி எளிதாக்கியதும், ஆள் அனுப்பும் ஏஜென்சிகளை அனுமதித்ததும்.

அந்த ஆண்டு கோடையில் உல்சான் கார் ஆலையில் ஆட்குறைப்பை எதிர்த்து 36 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. கடைசியில் 277 பேரை நீக்குவது என்று உடன்பாடு. அவர்களில் 144 பேர் ஆலையின் கேன்டீனில் சமைத்த பெண்கள். வேலைநிறுத்தக்காரர்களுக்கு அந்த 36 நாளும் சோறு பொங்கிப் போட்டவர்களும் அவர்கள்தான். 2000இல் சங்கமும் நிர்வாகமும் இன்னொரு ஒப்பந்தம் செய்தன: நிரந்தரத் தொழிலாளர்களின் வேலைக்கு உத்தரவாதம்; பதிலுக்கு, ஆலைக்குள் உள்ஒப்பந்தக்காரர்களின் ஆட்களை 16.9 சதவீதம் வரை வைத்துக்கொள்ளலாம்.

சங்கத்தைத் திட்டுவது சுலபம். தன் உறுப்பினரைக் காப்பது அதன் வேலை, அதைச் செய்தது. ஆனால் அடுத்த நெருக்கடி வந்தால் முதலில் யாரை வெளியே அனுப்புவது என்பதற்கான பட்டியல் அன்றைக்கே தயாராகிவிட்டது.

ஒரே வேலை, இரண்டு வர்க்கம்

கொரிய மொழியில் இவர்களுக்குப் பெயர் பிஜோங்க்யூஜிக், 'முறைசாராப் பணியாளர்'. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு 'பெர்மனென்ட்', 'கான்ட்ராக்ட்' என்றால் உடனே விளங்கும். இந்தப் பிரிவில் மூன்று வகை உண்டு:

1. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எடுக்கப்படுபவர். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு தாண்டினால் நிரந்தரமாக்க வேண்டும். விளைவு, பலர் இருபத்து மூன்றாம் மாதத்தில் வெளியேற்றப்பட்டார்கள். பாதுகாக்க வந்த சட்டமே கெடு தேதியாகிவிட்டது.

2. பகுதி நேரம் வேலை செய்பவர்.

3. ஏஜென்சி மூலமோ உள்ஒப்பந்தக்காரர் மூலமோ வருபவர். இதில் நிறையப் பேர் ஒப்பந்தக்காரரின் 'நிரந்தர' ஊழியராகப் பதிவாகிறார்கள். அதனால் அரசுக் கணக்குக்குள்ளேயே வருவதில்லை.

2024 ஆகஸ்டு அரசுக் கணக்கெடுப்பில், சம்பளத்துக்கு வேலை செய்பவர்களில் 38.2 சதவீதம் பேர் முறைசாராப் பணியாளர்கள். அவர்களின் சராசரி மாதச் சம்பளம் சுமார் 20.5 லட்சம் வோன், நிரந்தரப் பணியாளருக்குச் சுமார் 38 லட்சம் வோன். (முறைசாராப் பணியாளர்களில் பகுதி நேரத்தவர் அதிகம் என்பதால் முழு வித்தியாசத்தையும் பாரபட்சம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.)

கார் ஆலைகளைப் பற்றி அங்கே ஒரு வழக்கு உண்டு: ஒரே காரின் ஒரு பக்கச் சக்கரத்தை நிரந்தரத் தொழிலாளி மாட்டுவார், மறுபக்கச் சக்கரத்தை உள்ஒப்பந்தத் தொழிலாளி மாட்டுவார். அதே கன்வேயர், அதே திருகு. சட்டையில் இருக்கும் கம்பெனிப் பெயர் மட்டும் வேறு. தொடக்கத்தில் சொன்ன விளக்கத்தை இங்கே பொருத்துங்கள். செய்யும் தொழில் ஒன்றே. வருமானம் நாளைக்கும் வருமா என்பது இருவருக்கும் வேறு. ஆகவே வர்க்கமும் வேறு. 2010இல் கொரிய உச்ச நீதிமன்றமே, இப்படிக் கன்வேயரில் நிற்கவைப்பது சட்டவிரோதமான ஆள் அனுப்பல் என்று தீர்ப்பளித்தது.

படிப்பும் வீடும்

கேட்டுக்கு உள்ளே போக வேண்டுமானால் நல்ல பல்கலைக்கழகம் வேண்டும். எனவே போட்டி பள்ளிப் பருவத்துக்கே இறங்கிவிட்டது. 1980இல் அரசு தனிப்பயிற்சியையே தடை செய்து பார்த்தது. 2000இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. இன்று 25 முதல் 34 வயது வரை உள்ளவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் கல்லூரிப் படிப்பு முடித்தவர்கள். எல்லாரும் எட்டிப் பார்த்தால் யாருக்கும் கூடுதலாகத் தெரியாது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை: 2024இல் டியூஷன் செலவு மட்டும் 29 லட்சம் கோடி வோனைத் தாண்டியது.

வீட்டுக்கு வருவோம். கொரியாவில் ஜோன்சே என்று ஒரு முறை உண்டு. நம் ஊரில் வீட்டை ஒத்திக்கு, லீசுக்கு விடுவது போலத்தான்: வீட்டு விலையில் பாதிக்கும் மேலான ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். வட்டி அதிகமாக இருந்த காலத்தில் இது ஏழைக்கு ஏணி. வாடகை போகாததால் சேமித்து, அடுத்து சொந்த வீடு. ஆனால் விலை ஏறும்போது ஜோன்சே தொகையும் ஏறும். தர வேண்டிய லட்சங்களை அப்பா அம்மா தருவார்களா, வங்கிதான் தருமா என்பதே இப்போது கேள்வி. 2022, 2023இல் வீட்டுக்காரர்கள் பணத்தைத் திருப்பித் தராமல் ஏமாற்றிய வழக்குகள் குவிந்து, சிறப்புச் சட்டமே போட வேண்டி வந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள்.

2015 வாக்கில் 'கரண்டிப் பேச்சு' பரவியது இந்தப் பின்னணியில்தான். சம்பளத்தால் வர்க்கம் மாறலாம் என்ற நம்பிக்கை தேய்ந்து, பெற்றோர் சொத்து முன்னுக்கு வந்துவிட்டது.

விளைவுகள்

1. முதியோர் வறுமை: தேசிய ஓய்வூதியம் 1988இல்தான் தொடங்கியது, எல்லாருக்கும் விரிந்தது 1999இல். ஆலைகளைக் கட்டிய தலைமுறை தன் சேமிப்பைப் பிள்ளைகளின் படிப்பிலும் வீட்டிலும் போட்டுவிட்டு, ஓய்வூதியம் இல்லாமல் முதுமைக்கு வந்தது. சியோல் தெருக்களில் அட்டைப்பெட்டி பொறுக்கி வண்டி இழுக்கும் பாட்டிகளில் பலர் அந்தத் தலைமுறை.

2. குழந்தை: குறைந்த பிறப்புக்குக் கலாச்சாரம், சுயநலம் என்றெல்லாம் காரணம் சொல்கிறார்கள். வீடு, டியூஷன், நிரந்தர வேலை மூன்றும் கையில் இல்லாமல் ஒரு குழந்தையை இந்தப் போட்டிக்குள் இறக்கத் தயங்குவது எனக்கு நியாயமான கணக்காகவே படுகிறது. பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு: பிரசவத்துக்காக நிரந்தர வேலையை விட்டால், திரும்பி வருவது பெரும்பாலும் முறைசாரா வேலைக்குத்தான். வளர்ந்த நாடுகளில் ஆண் பெண் ஊதிய இடைவெளி மிக அதிகம் உள்ள நாடு கொரியா.

3. ஆபத்து கைமாறுதல்: சம்பளம் குறைந்த வேலை மட்டுமல்லாமல் உயிருக்கு ஆபத்தான வேலையும் உள்ஒப்பந்தத்துக்குப் போகிறது. 2016இல் சியோல் குயி ரயில் நிலையத்தில் தனியாக நடைமேடைக் கதவைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த 19 வயது உள்ஒப்பந்தத் தொழிலாளி ரயிலில் சிக்கி இறந்தார். அவர் பையில் இருந்தது, சாப்பிட நேரமில்லாமல் வைத்திருந்த ஒரு கப் நூடுல்ஸ்.

மீண்டும் மஞ்சள் உறை

சங்யோங் கார் ஆலையில் 2009இல் நடந்த வேலைநிறுத்தத்துக்காக, தொழிலாளர்கள் சுமார் 470 கோடி வோன் நஷ்டஈடு தர வேண்டும் என்று பின்னர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு பத்திரிகை வாசகர் 47,000 வோனை உறையில் வைத்து அனுப்பினார். தன்னைப் போல ஒரு லட்சம் பேர் அனுப்பினால் தொகை தீர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. பழைய காலத்தில் சம்பளம் மஞ்சள் உறையில் வரும், அதிலிருந்து வந்தது இப்படிப் பணம் திரட்டிய இயக்கத்தின் பெயர், பிறகு சட்டத்தின் பெயரும்.

2022இல் கோஜே தீவின் கப்பல் தளத்தில் உள்ஒப்பந்தத் தொழிலாளர்கள் 51 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் ஒருவர் ஒரு கன மீட்டர் அளவுள்ள இரும்புக் கூண்டுக்குள் தன்னை அடைத்து வெல்டிங் செய்துகொண்டு 31 நாள் இருந்தார். முன்பு வெட்டப்பட்ட 30 சதவீதச் சம்பளத்தைத் திரும்பக் கேட்டார்கள், கிடைத்தது 4.5 சதவீதம். காகிதத்தில் அவர்களுடைய முதலாளி ஒரு சிறு ஒப்பந்தக்காரர். கப்பல் தளம் தரும் ஒப்பந்தத் தொகைக்கு மேல் அவர் கையில் எதுவும் கிடையாது. தொகையை நிர்ணயிக்கும் கப்பல் தளமோ, "நாங்கள் உங்கள் முதலாளி இல்லை" என்று பேச்சுவார்த்தைக்கே வராமல் இருக்க முடிந்தது.

புதிய சட்டம் இந்த இடத்தைத்தான் தொடுகிறது. நேரடி ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வேலை நிபந்தனைகளை உண்மையில் தீர்மானிப்பவர் முதலாளியாகக் கருதப்படுவார், பேச்சுவார்த்தைக்கு வர வேண்டும். வேலைநிறுத்தத்துக்காகக் கேட்கும் நஷ்டஈட்டுக்கும் கட்டுப்பாடு உண்டு. சட்டம் நடைமுறைக்கு வர 2026 மார்ச் என்று நாள் குறிக்கப்பட்டது. 'உண்மையில் தீர்மானிப்பவர்' யார் என்பதை ஒவ்வொரு ஆலையிலும் தனித்தனியாக வாதாடித்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். வீட்டு விலையைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது.